ஜெனரேட்டரில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

பத்தாவது வரை மட்டும் படித்த நான் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

பதினாறு வருடம் எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கம்பெனியை மூடியதும் திருப்பூரிலேயே ஜெனரேட்டருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டும் பட்டறையில் சேர்ந்தேன். மின்சாரம் கசியாமல் இருக்கக் காயிலுக்கு மைக்கா டேப் சுற்ற வேண்டும். வருடங்கள் போனால் டேப் சுருங்கும். காயிலை அழுத்திப் பிடித்திருக்கும் ஆப்புகள் தளரும். பிறகு ஓடும்போதெல்லாம் காயில் ஆடி ஆடி டேப் தேயும். ஒரு நாள் வெடிக்கும். மரச்சுத்தியால் தட்டினால், இறுகிய ஆப்பில் 'டக்' என்று சத்தம் சட்டென நின்றுவிடும். தளர்ந்தது காலி டப்பா மாதிரி ஒலிக்கும்.

போன ஐப்பசியில் ஒரு நூல் மில்லின் ஜெனரேட்டர் சோதனைக்கு வந்தது. நடுவில் சுழலும் பாகத்தை எடுத்துவிட்டால் உள்ளே ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரியது. மில் இன்ஜினியர், மின்கசிவு பார்க்கும் மெக்கரை வைத்துப் பார்த்தார். முள் நன்றாக ஏறியது; கசிவு இல்லை என்று அர்த்தம்.

"இன்சுலேஷன் புதுசாட்டம் இருக்குது. நாளைக்கே லாரியில ஏத்துங்க" என்றார்.

அப்புறம் நான் உள்ளே இறங்கித் தட்டினேன். கைப்பையில் பழைய ஸ்டிக்கர் சுருள் கிடந்தது. காலி டப்பாச் சத்தம் வந்த ஒவ்வொரு ஆப்பிலும் ஒட்டினேன். மொத்தம் முப்பத்தொன்று.

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "என்னங்கக்கா, இதையும் அமெரிக்காவுக்கு எக்ஸ்போர்ட் பண்றமா?"

பட்டறையே சிரித்தது.

"மெக்கருக்கு ஈரமும் அழுக்கும்தானுங்க தெரியும். ஆட்டம் தெரியாதுங்க" என்றேன்.

"சத்தத்தைக் கேட்டு மெஷினைப் பிரிக்கோணுமா? ஸ்டிக்கர் எல்லாத்தையும் உரிச்செடுங்க."

"எடுக்க மாட்டனுங்க."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பட்டறை ஓனர் அருகில் வந்தார். "ஏனுங்கக்கா, பழைய வாடிக்கைங்க அவங்க. நாளைக்குப் பிரிச்சுப் பாக்கறோம். ஒண்ணுமில்லீன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க."

எங்கள் வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். இருந்தும் சொன்னேன்: "சரிங்க. பனியன் ஓட்டையின்னா திருப்பி அனுப்புவாங்க. இது வெடிச்சா, பக்கத்துல நிக்கிற ஆளை யாருங்க திருப்பி அனுப்புவாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. என் பக்கம் யாரும் வந்து நிற்கவும் இல்லை. மாலையில், "சுத்தியக் கையோட கொண்டு போயிருங்கக்கா" என்று ஒருவன் கிண்டல் செய்தான். நான் அதை வழக்கமான ஆணியிலேயே மாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பத்து மணிக்கு முதல் அம்பு ஒட்டிய ஆப்பைக் கழற்றினார்கள். அடியில் டேப் தேய்ந்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. லாரி காலியாகத் திரும்பியது. நான் டேப் சுற்ற உட்கார்ந்தேன்.