மாமா பொறித்த வாண்டா

பதினொரு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. பூவே இல்லாத ஆர்க்கிட் செடியைக்கூட இனம் பிரித்துவிடுவேன், தெரியுமா? ஒரே தண்டாக நேரே மேலே ஏறி, தடித்த வேர்களைக் காற்றில் தொங்கவிட்டால் வாண்டா. அடியிலிருந்து கரும்பு மாதிரி கணுக்கணுவாகப் பல தண்டுகள் கிளம்பினால் டென்ட்ரோபியம். தண்டே தெரியாமல் நாலைந்து அகல இலைகள் மட்டும் படுத்துக்கிடந்தால் ஃபெலனாப்சிஸ். கல்லூரியில் தாவரவியல் நடத்திய அத்தையின் புத்தகங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தேறிய வித்தை இது.

மாமா இறந்த பிறகு அத்தை ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களோடு இருக்க வந்துவிட்டாள். மொட்டைமாடியில் பச்சை வலைக்குக் கீழே முப்பத்தோரு தொட்டிகள். அநேகமாக எல்லாவற்றிலும் பெயர் எழுதிய ஐஸ்கிரீம் ஸ்பூன் செருகியிருக்கும். அந்த வருட ஐப்பசி மழை பெயர்களையெல்லாம் கழுவிவிட்டது. "போச்சுடா! இனிமே ஒண்ணொண்ணா பாத்து எழுதணும்" என்று அலுத்துக்கொண்டே சனிக்கிழமை பரீட்சை வேலைக்குக் கிளம்பினாள் அத்தை.

விடுவேனா? அத்தை வாயால் ஒரு சபாஷ் வாங்க இதைவிட நல்ல நாள் வராது. "அதுங்க மேல கைய வெக்காத, அப்புறம் அத்தைகிட்ட நீயே பேசிக்கோ" என்று அம்மா கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மார்க்கரோடு மாடியேறினேன். பதினொரு மணிக்குள் முப்பது தொட்டிகள் முடிந்தன.

முப்பத்தோராவதில்தான் வம்பு. அதில் மட்டும் ஸ்பூன் இல்லை, அலுமினியத் தகடு. கிண்டியில் லேத் மெஷினோடு காலம் தள்ளிய மாமா, கல்யாண நாளுக்கு அந்தச் செடியை வாங்கி, 'வாண்டா' என்று எழுத்து எழுத்தாகத் தன் கையாலேயே தட்டிப் பொறித்துக் கொடுத்தது. மழைக்கு அது அழியவில்லை. செடியிலோ கணுக்கணுவாக ஏழு தண்டுகள்! வாண்டாவாவது, மண்ணாங்கட்டியாவது! மாமா தங்கமான மனிதர்தான், செடி விஷயத்தில் சுத்த பூஜ்யம். தகட்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, 'டென்ட்ரோபியம்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் செருகினேன்.

சாயங்காலம் அத்தை ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசித் தொட்டியில் நின்றாள்.

"இதுல இருந்த தகடு எங்கம்மா?"

"தப்பா இருந்துச்சு அத்தை, தூக்கிப் போட்டுட்டேன். குப்பை வண்டி மத்தியானமே வந்துட்டுப் போயிடுச்சு."

"சரிதான். டென்ட்ரோபியம்தான்" என்றாள். பிறகு, கல்லூரிக்குக் கட்டிய புடவையோடு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சபாஷ் வரவில்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையுமாக வந்தது. "இவ்ளோ வருஷமா தப்பா இருந்திருக்கு, நீங்க பாக்கவே இல்லையா அத்தை?" என்று கேட்டேன்.

மாணவிகளின் ரெக்கார்டு நோட்டில் ஓர் இலையின் நரம்பு கோணலாக இருந்தாலும் சிவப்பு மையால் சுழிப்பவள் அத்தை. தினமும் காலையில் அந்தத் தொட்டிக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுவாள். அப்படியிருந்தும், அவள் பார்க்கவே இல்லை என்றுதான் அன்று நான் நம்பினேன்.