அண்ணன் கற்றுக்கொடுத்த நிறங்கள்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் நான் டீச்சர். மூன்று வயதுக் குழந்தைகள்தான் என் வகுப்பு. நிறங்களைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு அங்கே கொஞ்சம் பேர் உண்டு. அட்டையைத் தூக்கிக் காட்டி, "ரெட், க்ரீன்" என்று கூட்டமாகக் கத்த வைப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டில் சேரும் பாட்டில் மூடிகளைக் கழுவிக் காயவைத்து ஒரு துணிப்பையில் எடுத்துப்போவேன். தரையில் கலர் கிண்ணங்களை வைத்து, மூடிகளை நடுவில் கொட்டி, "எல்லாம் வழி தெரியாம நிக்குது, அதது வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்பேன். குழந்தைகள் அப்படியே விழுந்து பொறுக்கும். மஞ்சளையும் பீட்ரூட் சாற்றையும் தண்ணீரில் கலந்து புது நிறம் வரவைப்போம். வெயில் தாழ்ந்ததும் வெளியே "கலர் கலர், வாட் கலர்?" விளையாட்டு. ஒரு பிள்ளை நிறத்தைச் சொல்ல வேண்டும், மற்றவை ஓடிப்போய் அந்த நிறத்தைத் தொட வேண்டும். ஒரு பருவம் முடிவதற்குள் என் வகுப்பில் நிறம் தெரியாத பிள்ளை இருக்காது.

என் மகனுக்குத்தான் வரவில்லை.

அவன் அதே பள்ளியில் எல்.கே.ஜி. படித்தான். நான்கு வயது. எழுத்து, எண், பாட்டு எல்லாம் கடகடவென்று சொல்வான். மூடிகளைக் கொட்டினால் மட்டும் தடுமாறுவான். மஞ்சளும் நீலமும் சரியாகப் போகும். பச்சைக் கிண்ணத்தில் பிரவுன் மூடி கிடக்கும். ரோஸ் நிறத்தைச் சாம்பலோடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற டீச்சரின் பிள்ளைக்கு நிறம் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? இரும்புலியூரில் எங்கள் வீட்டு ஹாலில் மாலை முழுவதும் அவனை உட்காரவைத்து விளையாடுவேன். கடைசியில் அது விளையாட்டாக இருக்காது. "நல்லாப் பாருடா, கவனம் எங்க இருக்கு?" என்று என் குரல் ஏறும். அவன் கண் கலங்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்திருந்தான். எனக்கு ஒரே அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. அம்மா அவனோடுதான் இருக்கிறாள். குரோம்பேட்டையில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் அவன் கணக்குப் பார்க்கிறான். எனக்குப் பிள்ளையே பிறந்துவிட்ட பிறகும் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவான். என் மகனுக்குக் காது குத்தியது அவன் மடியில் வைத்துத்தான்.

நான் மகனைத் திட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவன விடு பாப்பா. இந்தப் பையை எங்கிட்ட குடு. ஞாயித்துக்கிழமை வந்தா அவன என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ டீச்சர், அதான் பயப்படறான். நான் மாமாதானே" என்றான்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. மகனையும் மூடிப் பையையும் பைக்கில் ஏற்றி அனுப்பினேன். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே. கொஞ்ச நாளில் ஒரு மாலை மகன் தானாகவே மூடிகளைக் கொட்டினான். ஒவ்வொன்றாக எடுத்தான், கையில் புரட்டினான், நிறத்தின் பெயரைச் சொல்லித் தனித்தனிக் குவியலாகப் போட்டான். ஒன்றுகூடத் தப்பில்லை. பிரவுன் பிரவுனில், பச்சை பச்சையில். நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தேன். உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எப்படிண்ணா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல. விளையாடினோம், அவ்வளவுதான்."

அந்த வாரம் அவனுக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைத்து டிபன் கேரியரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தபோது, பிள்ளைக்கு நிறம் வரவில்லை என்று ஒரு அம்மா கவலைப்பட்டாள். நான் எல்லார் முன்னாலும் எழுந்து, "என் பையனுக்கே வரல. அதட்டாம, பொறுமையா, விளையாட்டாவே விட்டோம். இப்ப அவன்தான் கரெக்டா சொல்றான்" என்றேன். அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு பள்ளியில் புது விளையாட்டுச் சாமான்கள் வாங்கினார்கள். அதில் மர வில்லைகள் அடங்கிய ஒரு பெட்டி இருந்தது. நல்ல பளிச்சென்ற நிறங்கள். பள்ளி விட்டபின் மகன் என் வகுப்பில் காத்திருந்தான். பெட்டியைப் பிரித்து அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான், அதையும் திருப்பினான். நகத்தால் பின்புறத்தைத் தடவினான்.

"அம்மா, இதுல கோடு இல்லையே."

"என்ன கோடு?"

அவன் வாயை மூடிக்கொண்டான். நான் தோளில் மாட்டியிருந்த துணிப்பையை இறக்கி, பழைய மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பினேன். உள்பக்கத்தில் ஊசியால் கீறிய கோடுகள். பச்சை மூடிகளில் இரண்டு, சிவப்பில் ஒன்று, பிரவுனில் பெருக்கல் குறி. அழுத்திக் கீறாமல், சட்டென்று கண்ணுக்குத் தெரியாதபடி, விரலுக்கு மட்டும் தட்டுப்படும்படி.

"யாருடா போட்டது?"

"மாமா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னார். சொன்னா அம்மா அழுவாங்கன்னு சொன்னார்."

அங்கேயே நின்றபடி அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் சிரித்தான். "நீ தினம் திட்டறியேன்னு சும்மா ஒரு ட்ரிக் சொல்லிக் குடுத்தேன் பாப்பா. பெரிய விஷயமா?" என்றான். கண் டாக்டரிடம் காட்டப்போகிறேன் என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. "அதெல்லாம் எதுக்கு? சின்னப் பையன். வளர்ந்தா தானா வரும். வீணா அலையாத."

நான் அலைந்தேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டர் வயதான அம்மா. வண்ணப் புள்ளிகளால் ஆன படங்களை வைத்து மகனை எண்களைப் படிக்கச் சொன்னார். எனக்குப் பக்கத்துக்குப் பக்கம் எண்கள் துல்லியமாகத் தெரிந்தன. மகன், "புள்ளிதான் இருக்கு" என்றான்.

"இது வியாதி இல்லம்மா. சிவப்பும் பச்சையும் அவனுக்கு நம்மள மாதிரி பிரிஞ்சு தெரியாது. மத்தபடி பார்வை நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். பிறகு, "ஆம்பளப் பிள்ளைங்களுக்கு இது அம்மா வழியாத்தான் வரும். உங்க அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். ஒரே அண்ணன்தான். அவருக்கு அப்படி எதுவும் கிடையாது."

நான் நம்பித்தான் சொன்னேன்.

வெளியே வந்து, அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ராஜகீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ ஏறினோம். கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி நகரவே இல்லை. மகன் என் தோளில் தூங்கிவிட்டான். அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கடையில் தக்காளி வாங்கும்போது, "பழுத்ததா நீங்களே எடுத்துப் போடுங்க" என்பான் அண்ணன். அவன் சட்டையை எப்போதும் அண்ணிதான் எடுத்து வைப்பாள். அதை நாங்கள் கேலி செய்வோம். என் கல்யாணத்துக்கு முன்னால் ரயில்வேயில் டிரைவர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். வீட்டில் கேசரி கிண்டினோம். பிறகு, வெயிட்டிங் லிஸ்ட்டில் போய்விட்டது என்றார்கள். அந்த லிஸ்ட் நகர வேண்டும் என்று நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் விளக்குப் போட்டேன். எண்ணெய் வாங்கிக் கொடுத்தது அம்மா.

"இன்னா மேடம், சிக்னலாண்ட எறக்கி வுட்டா போதுமா? உள்ள ரோடு நோண்டிப் போட்டுகீறாங்க, பேஜாரா கீது" என்றார் ஆட்டோக்காரர்.

போதும் என்றேன். தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீடு வரைக்கும் நடந்தேன்.

அண்ணன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். அம்மா டிவி முன்னால். அண்ணி சமையலறையில். பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்தேன்.

"ரயில்வே வேலை ஏண்ணா கிடைக்கல?"

அவன் என்னையே பார்த்தான். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"மெடிக்கல்ல போச்சு. கலர் டெஸ்ட்" என்றான் மெதுவாக.

"எங்கிட்ட வெயிட்டிங் லிஸ்ட்னு சொன்னீங்களே."

"உனக்கு அப்போ வரன் பார்த்துட்டு இருந்தோம்" என்றாள் அம்மா. "பரம்பரைக் குறைன்னு யாராவது கிளப்பிவிட்டா? நான்தான் சொல்ல வேணாம்னேன். அவன ஒண்ணும் சொல்லாத."

"சரி. கல்யாணம் முடிஞ்சப்புறம்? இவன் பொறந்தப்புறம்?"

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"இவனுக்கும் இருக்குன்னு உனக்கு எப்பண்ணா தெரியும்?"

"போன வருஷம். வண்டலூர் ஜூவுக்குப் போனோமே. சிவப்புக் கிளி இலைக்குள்ள உட்கார்ந்திருக்குன்னு நீ காட்டிக்கிட்டே இருந்த. அவன் எங்க, எங்கன்னான். எனக்கும் தெரியல. அப்பவே புரிஞ்சிடுச்சு."

போன வருஷம். அதற்குப் பிறகு எத்தனை மாலைகள் அந்தப் பிள்ளை என் முன்னால் மூடிகளோடு உட்கார்ந்திருந்தான். "நான் அவன திட்டினப்போ நீ சோபாவுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த. ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையா?" என்றேன்.

"அதனாலதான் பாப்பா கோடு போட்டேன். ஸ்கூல்ல என்னை எல்லாரும் குருடன்னு கூப்பிட்டாங்க. அது அவனுக்கு வரக்கூடாதுன்னு நினைச்சேன். இப்படித்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அவனுக்கும் சொல்லிக் குடுத்தா தப்பிச்சுப்பான்னு தோணுச்சு."

அவன் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

"உனக்குத்தான் தெரியாதே. எந்த மூடி பச்சை, எது பிரவுன்னு உனக்கு யார் சொன்னது?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. வாசற்படியில் அண்ணி வந்து நின்றாள். நான் வைத்த மீன் குழம்பை வாங்கிக்கொண்டு, "பையன் சூப்பரா கத்துக்கிட்டான்" என்று சிரித்தவள்.

"அவர் கேட்டார், பிரிச்சுக் குடுத்தேன். நான் என்ன பண்றது?" என்றாள்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளையைப் பெற்ற எனக்கு மட்டும் தெரியாது. அந்தப் பிள்ளையையும் எனக்கு எதிராகச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவிடம் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்த பாடம்தான் அவனுக்கு நிறங்களைவிட நன்றாகப் பதிந்திருந்தது. யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் அதைவிடப் பெரியது காத்திருந்தது. என் கணவர் டாக்டர் சொன்னதைப் பதற்றமில்லாமல்தான் கேட்டுக்கொண்டார். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"ரயில்வே மெடிக்கல் உன் கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது. சரியா?"

"ஆமாங்க."

"ஒரே வீட்டுல இருந்திருக்க. உனக்கு மட்டும் தெரியாதுன்னு நான் நம்பணும்?"

"சத்தியமா தெரியாதுங்க."

"சரி விடு" என்றார். நம்பியவர் சொல்கிற "சரி விடு" இல்லை அது. இத்தனை நாளுக்குப் பிறகும் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். என் வீட்டார் மறைத்ததில் எனக்கும் பங்கிருப்பதாக அவர் மனதில் ஒரு ஓரம் வைத்திருக்கிறார். அதை நான் எப்படித் துடைப்பது?

மறுநாள் எல்.கே.ஜி. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மகனுடைய கிரேயான் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டினாள். அவனுக்குத்தான் எழுத்து தெரியுமே. எளிதாக முடிந்துவிட்டது. அந்த எளிமைதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வருஷம் முன்பே முடிந்திருக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு, முன்பு கவலைப்பட்ட அந்த அம்மா வந்திருந்தாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் சொன்னது தப்பு. ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவள் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று பிறகு தெரிந்தது. சந்தோஷம்தான். அதற்கப்புறம் என் வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு நிறத்தை இரண்டாவது முறை தவறாகச் சொன்னால் உடனே அதன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன் பல முறை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. அம்மா போன் செய்தால், "கூடப் பொறந்தவன், உன் பிள்ளைக்கு நல்லதுன்னு நினைச்சுத்தானே பண்ணான்" என்பாள். விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்ததைப் பற்றி ஒருநாள் கேட்டேன். "சாமிக்குத்தானே போட்ட, அதுல என்ன நஷ்டம்?" என்றாள்.

மகனின் பிறந்தநாளுக்கு அண்ணன் வந்தான். கூப்பிடாமலே வந்தான். வராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாய்மாமன். கணவர் வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டான். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் காபி போடப் போனேன்.

"மாமா, எனக்கு க்ரீன் தெரியாதாம். டாக்டர் சொன்னாங்க."

"எனக்கும் தெரியாதுடா."

"நிஜமாவா?"

"நிஜமா. உன்ன மாதிரியேதான்."

மகன் கைகொட்டிச் சிரித்தான். அவனுக்கு அது அவ்வளவு சந்தோஷம். ஏதோ பெரிய பரிசு கிடைத்ததுபோல், "அம்மா, மாமாவுக்கும் தெரியாதாம்" என்று சமையலறைக்கு ஓடிவந்து சொன்னான். அந்த ஒரு வரியைச் சொல்ல அண்ணனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மகன் சிரிக்கிறான், நானும் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

காபியைக் குடித்துவிட்டு அண்ணன் எழுந்தான். கேட் வரைக்கும் போனேன்.

"ஞாயித்துக்கிழமை அவன கூட்டிட்டுப் போகட்டுமா பாப்பா?"

"வேணாம். இங்கயே வந்து பாரு. நான் இருக்கும்போது வா."

அவன் ஹெல்மெட்டை மெதுவாக மாட்டிக்கொண்டான். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பிறகு வண்டியைக் கிளப்பினான். தெருமுனை திரும்பும்வரை நின்று கையாட்டிவிட்டு வருவது என் வழக்கம். அன்று கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். கேக் வெட்ட வேண்டும் என்று மகன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.