நைனாவின் காதுக்குப் போன ஒயர்

நைனாவுக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. அரசு பஸ் டிரைவராக எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து காலத்தைக் கழித்தவர். ரிட்டையர் ஆன பிறகு, எதைச் சொன்னாலும் "இன்னா?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்புறம் கேட்பதையும் நிறுத்திவிட்டார். விழுப்புரம் டாக்டர் எழுதிக் கொடுத்த காது மிஷின் கீச்சென்று கத்துகிறது என்று அலமாரிக்குள் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து அக்கா வீடியோ காலில் வருவாள். அவள் புருஷன், எங்கள் மாமா, வெளியே போயிருக்கும் நேரம் அது. கூடத்துக் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்திருந்தேன். அக்காவும் அவள் மகளும் பெரிதாகத் தெரிவார்கள். அம்மா ஸ்பீக்கரைச் சின்னதாக வைத்துக் கேட்டு, நைனா பக்கம் திரும்பி, "நல்லா இருக்காளாம்! கொழந்த நல்லா படிக்குதாம்!" என்று கத்திச் சொல்வாள். நைனா சிரிப்பார். அந்த நேரத்தில் நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இருப்பேன்.

ஒருநாள் ஏதோ வேலையாக நடுவில் வீட்டுக்கு வந்தபோது, அக்கா வாயசைப்பதை நைனா உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குரல் அவருக்கும் நேராகக் கேட்கட்டுமே என்று தோன்றியது.

காதை முழுசாக மூடும் வயர்லெஸ் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். அதற்குச் சத்தத்தை அனுப்பும் ஸ்டாண்டுக்கும் சரி, ஸ்பீக்கருக்கும் சரி, சத்தத்தை வெளிச்சமாகக் கொண்டுபோகிற ஆப்டிகல் ஒயர்தான் வேண்டும். கம்ப்யூட்டரில் அதற்கு இருப்பதோ ஒரே ஒரு துளை. ஹெட்போனில் போட்டால் அம்மாவுக்குக் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் நைனாவுக்குக் கேட்காது. முதலில் சாதாரண ஸ்ப்ளிட்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் பாதிப் பாதியாகப் பிரிந்ததில் ஹெட்போனில் சத்தம் விட்டு விட்டு வந்தது. பிறகு கரண்டில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றை வரவழைத்தேன். அது இரண்டு பக்கமும் குறையாமல் அனுப்பியது.

அந்த ஞாயிறு கடைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரில் செய்தியைப் போட்டு, ஹெட்போனை நைனாவுக்கு மாட்டினேன்.

"டேய், பக்கத்துல நின்னு பேசறாப்புல இருக்குதுடா!" என்றார். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அக்கா பேசறப்ப இது வாணாம்டா."

"ஏம்மா?"

"அவருக்குக் காது வலிக்கும். சொன்னா கேளு."

புதுப் பொருளைக் கண்ட பயம் என்று நினைத்தேன். அதற்குள் கால் வந்துவிட்டது.

அக்கா வழக்கம்போல அம்மாவிடம் மட்டும் பேசினாள். "நேத்தும் அடிச்சிட்டாரும்மா. பாப்பா முன்னாடியே. இப்பவும் கதவ வெளிய பூட்டிட்டுப் போயிருக்காரு. என்னால முடியலம்மா."

நான் டிவிக்குப் பின்னால் ஒயரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அம்மா பழக்கம் விடாமல் நைனா பக்கம் திரும்பினாள். "நல்லா இருக்காளாம்!"

நைனா அவளைப் பார்க்கவேயில்லை. டிவியைப் பார்த்து, "எங்க அடிச்சான்மா?" என்று கேட்டார்.

அக்கா திரையை நெருங்கி வந்தாள். "நைனா, உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. சொல்லு."

அம்மா எழுந்து அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டும் ஒன்றாக நின்றுபோயின. அக்கா அழுதுகொண்டே பேசுவது மட்டும் தெரிந்தது. "அக்கம்பக்கமெல்லாம் கேக்குதுங்க, கத்தாதீங்க" என்று அம்மா நைனாவைக் கும்பிட்டாள். அவருக்கு அது எங்கே கேட்கும்? "போடுறா, போடுறா" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

பிளக்கை மறுபடி மாட்டினேன். நைனா சொன்னது இவ்வளவுதான்: "பாப்பா துணிய எடுத்து வெய்யி. நாளைக்கு நாங்க வர்றோம்."

அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. "நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுசன்டா. தெரிஞ்சா தாங்குவாரா? அவளும் சொல்லாதன்னுதான் சொன்னா" என்று அம்மா என்னிடம் அழுதாள். நைனா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "நான் சிரிச்சிக்கினு உக்காந்திருந்தேனே, அப்பல்லாம் அவ இதத்தான் சொல்லிக்கினு இருந்தாளா?"

காலையில் திருவண்ணாமலை வழியாகப் போகும் பெங்களூர் பஸ்ஸில் நானும் நைனாவும் ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. சன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பாப்பாவின் விரலைப் பிடித்தபடியே நைனா நின்றார். கூட்டம் கூடிய பிறகுதான் மாமா வந்து திறந்தார். "இது எங்க குடும்ப விஷயம்" என்றார். அது நைனா காதில் விழவில்லை. நேராக உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

அக்காவும் பாப்பாவும் எங்களோடு வந்துவிட்டார்கள். இப்போது கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. செஞ்சி பஜாரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்கு அக்கா போகிறாள். "கொஞ்சம் பொறுத்திருந்தா சரியாப் போயிருக்கும்" என்று அம்மா இன்னும் சொல்கிறாள், அக்கா இல்லாத நேரத்தில். யாராவது கேள்வி கேட்பார்கள் என்று கடைத்தெருவுக்கே அம்மா போவதில்லை. நைனா அவளோடு சண்டை போடவில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாலும், உண்மையா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்க்கிறார்.

போன வாரம் மாமா துணிக்கடைக்கு எதிரே வந்து நின்றிருக்கிறார். அதிலிருந்து, கடை மூடுவதற்கு முன்பே நைனா போய் வாசலில் நிற்கிறார். பின்னால் வரும் வண்டியின் ஹார்ன் அவருக்குக் கேட்காது. அக்காதான் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைக்கிறாள்.