முன்சீட்டுக்கு அடியில்

செத்துப்போன கருப்பம்மா துஷாந்தின் வேனில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேயிலைத் தோட்டத்தில் முதலில் சொன்னது யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் அதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அவளை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் கொழுந்து பறிக்கும் மலையில் பேச்சு கிளம்பியது. பதினோராம் நாள் அது லுணுகலை பஸ் நிலையம்வரை இறங்கி வந்துவிட்டது. துஷாந்த் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போனால், வழக்கமாக முன்சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பொடிசுகள் எல்லாம் பின்னால் போய் ஒட்டிக்கொண்டன. இடது பக்கத்து முன்சீட் காலியாகவே பசறைக்குப் போய்வந்தது.

துஷாந்துக்கு வயது முப்பத்தெட்டு. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் பன்னிரண்டு வருஷம் துணி மடித்த காசில் வாங்கிய வேன் அது. டீசல் வேன், ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது. அவன் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் சொந்தமாக வண்டி வைத்திருந்த முதல் ஆள் அவன்தான், அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வெளியைப் பளபளவென்று துடைத்து வைப்பான். உள்ளே இருப்பதைப் பற்றி அவ்வளவு அக்கறை கிடையாது. இஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு காகித பில்டர் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பான். "மாத்துறதா? ஊதுனாப் போச்சு." டயர் கடைப் பையனிடம் விட்டு, காற்றுக் குழாயால் ஊதித் திரும்பப் போட்டுவிடச் சொல்வான். தோட்டப் பாதையில் ஓடும் எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படியே ஒரே பில்டர் ஆறு வருஷம் ஓடியது. கடைசி ஒரு வருஷமாக ஊதவும் மறந்துபோனான்.

கருப்பம்மாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மகள் விஜயலெட்சுமி கொழுந்துப் பையைக்கூடக் கழற்றாமல் மலையிலிருந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப இழுக்குது. வண்டிய எடுங்கண்ணே."

அவன் உடனே எடுத்தான். அதில் அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கருப்பம்மாவின் கிளினிக் எல்லாம் பதுளை ஆஸ்பத்திரியில்தான், ஆகவே நேரே பதுளைக்கே புறப்பட்டார்கள். இழுப்புக்காரிக்குப் படுக்க முடியாது, நிமிர்ந்து உட்கார வேண்டும், முகத்தில் காற்று பட வேண்டும். அதனால் இடது பக்கத்து முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். விஜயலெட்சுமி பின்னாலிருந்து அம்மாவின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டாள்.

முனியாண்டி வளைவில் வேன் மூச்சை விட்டது. அந்த மேடு எப்போதும் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அன்றைக்கு முதல் கியரிலும் இழுக்கவில்லை. கரும்புகை கக்கியது. நின்றது. பின்னால் உருண்டது. துஷாந்த் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான், இஞ்சின் ஆறட்டும் என்று நின்றான், மறுபடி எடுத்தான், மறுபடி நின்றது. கருப்பம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள்.

"தம்பி, ஒன் வண்டிக்கும் என்னய மாதிரியே மூச்சு முட்டுது."

அவன் சிரித்தான். "வயசாயிருச்சில்லம்மா" என்றான். அந்தச் சிரிப்பைப் பிறகு அவனால் வாயிலிருந்து கழுவ முடியவில்லை.

ஒருவழியாக மேடேறிப் பசறை தாண்டும்போது இழுப்புச் சத்தம் குறைந்தது. நல்லதுக்குத்தான் என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அவள் தலை விஜயலெட்சுமியின் கையில் சாய்ந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். யாரையும் குற்றம் சொல்லி அல்ல, எல்லோரிடமும் சொல்வதுபோல் சொன்னார். விஜயலெட்சுமி கேட்டாளோ என்னவோ, துஷாந்த் கேட்டான்.

அன்றிலிருந்து, யாரும் கேட்காமலே, பார்க்கிறவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொன்னான்: "அந்த மேட்டுல எந்த வண்டியும் தெணறுங்க. வண்டி என்ன செய்யும்?" அது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தவிப்பு. வண்டியால் முடியாதது என்றால் அவன்மேல் பழியில்லை. முடியக்கூடியது என்றால், கருப்பம்மாவைக் கொன்றது யார்?

மறுநாள் பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு அவளைப் பெட்டியில் வைத்து அவனே கொண்டுவந்தான், ஹயர் காசு வாங்கவில்லை. தோட்ட வாசலிலிருந்து லயம்வரை தப்பு மேளம் முழங்க, வேனுக்கு முன்னால் நடந்தவர்கள் பூவும் பொரியும் அள்ளி வீசினார்கள். முன்கண்ணாடியின் காலடியில் செவ்வந்தி இதழும் பொரியும் குவிந்துகிடந்தன. பெட்டிக்குப் பக்கத்தில் கொளுத்தியிருந்த ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. அவன் டேஷ்போர்டிலிருந்து காற்று வீசும் பேனை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு அடிமேல் அடியாக ஓட்டினான்.

ஒரு வாரம் கழித்து அந்த வாடை வந்தது. பேனைப் போட்டதும் முகத்துக்கு நேரே அடித்தது. அழுகிய பூவும் அதற்குள் இன்னொன்றும் கலந்த வாடை. அந்த இன்னொன்று என்னவென்று பிணம் எடுத்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனை நிறுத்தினால் மெல்ல அடங்கும். துஷாந்த் மஞ்சள் தண்ணீர் தெளித்தான், சாம்பிராணி போட்டான், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். பூசாரி வந்து விபூதி அடித்து, கதவில் கயிறு கட்டிவிட்டுப் போனார். வாடை அசையவில்லை.

வாடையைவிட மோசமானது ஒன்று இருந்தது, அதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மேடு ஏறும்போது இடது பக்கத்துச் சீட்டிலிருந்து இழுப்புச் சத்தம் கேட்டது. சீட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேதான், கருப்பம்மா உட்கார்ந்திருந்த இடத்தில்தான், விசிலடிக்கும் ஒரு மூச்சு. அவன் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. "வண்டி என்னம்மா செய்யும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறுவான்.

அடக்கத்துக்குப் பிறகு வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை பஸ்லியா டீச்சர் போனில் அழைத்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள், மற்றத் தாய்மாருக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

"துஷாந்த், பேய் பிசாசுண்டு நான் ஒண்டும் செல்லல்ல. ஆனா புள்ளைகள் வாந்தி எடுக்கிற. திங்கக்கெழமைக்குள்ள அந்த வாடை போகாட்டி நாங்க வேற வேன் பாக்கத்தான் வேணும்."

பதினாலு பிள்ளைகள். அவன் சாப்பாடே அந்த ஹயர்தான். அன்று மத்தியானமே பதுளைக்குப் போனான். அவனுக்குப் பழக்கமான மெக்கானிக், கராஜ் பாஸ், கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார். "பொணம் போன வண்டியப்பா. பூசையப் போட்டுட்டுக் கொண்டா." போட்டாயிற்று என்று சொன்னால், அப்படியானால் இது தன் கைக்கு மீறியது என்று கையை விரித்தார்.

அங்கிருந்து உதிரிப்பாகக் கடைக்காரர் பலீல் நானாவிடம் போனான். வாசனை போத்தல் ஏதாவது வாங்கலாம் என்றுதான் போனான். நானா கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேனப் போட்டா மட்டுமா நாத்தம் வார?"

"ஆமா நானா."

"நிப்பாட்டினா?"

"அடங்கிரும்."

"அப்ப பேய்க்கு சுவிட்ச் ஈக்கா தம்பி?" என்றார். உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்துவந்து வைத்தார். "இது ஒங்களுக்கு, இது இஞ்சினுக்கு. மனிசன் மூச்சு வாங்கிற காத்துக்கும் பில்டர் ஈக்கி, தெரியாதா? டேஷ்போர்ட் பெட்டிக்குப் பின்னுக்குப் பாருங்க. இஞ்சின்ட பில்டர் ஒங்கட வேன்ல இடது சீட்டுக்கு அடியில. போன்ல வீடியோ பாத்து நீங்களே போடலாம்."

இடது சீட்டுக்கு அடியில் என்றதும் துஷாந்த் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பிறகு இரண்டு பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

சனிக்கிழமை காலை, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திக் கதவுகளை எல்லாம் திறந்துவைத்தான். டேஷ்போர்ட் பெட்டியிலிருந்த சாமானை எடுத்துவிட்டு, வீடியோவில் சொன்னபடி பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்நோக்கி அமுக்கினான். பெட்டி கழன்று மடியில் தொங்கியது. பின்னால் நீளமான ஒரு மூடி. கொக்கியை நெருக்கி இழுத்ததும் வாடை குபீரென்று வந்தது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு பில்டரை உருவினான்.

பில்டர் நிறைய செவ்வந்தி இதழ்கள், கறுத்து, பிசினாக. நடுவே ஊதிப்போன பொரி. பொரிக்கு வந்த ஒரு எலி அங்கேயே செத்து, பாதி காய்ந்து கிடந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரம், கருப்பம்மாவுக்கு வீசிய பூவை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

துஷாந்த் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். "பேயப் பாத்தியா, வால் இருக்கு." பக்கத்து லயத்திலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொந்தைச் சுத்தமாகத் துடைத்து, புதியதை அம்புக்குறி பார்த்துச் செருகி, பெட்டியை மாட்டினான். பேனைப் போட்டான். வெறும் காற்று வந்தது. அவள் செத்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொரு பெட்டியும் இருந்ததே.

இடது சீட்டைத் தூக்கினான். கறுப்பு டப்பா, நான்கு கிளிப். மூடியைத் திறந்தபோது பில்டர் இருக்கவில்லை, செங்கல் ஒன்று இருப்பதுபோல் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு செம்மண் அடைத்து இறுகியிருந்தது. காற்றுக் குழாய் வைத்து ஊதிய இடங்களில் காகிதம் கிழிந்து, கிழிசலிலும் மண். பழைய பில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் என்று வீடியோக்காரன் சொன்னான். துஷாந்த் சூரியனுக்கு நேரே பிடித்தான். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

பில்டரைத் திருப்பிப் பிடித்தான், அப்போதும் வரவில்லை. பிறகு குழாய்க்குள் மண் விழாமல் டப்பாவை ஈரத்துணியால் துடைத்து, புதியதை வைத்து, ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பார்த்து, நான்கு கிளிப்பையும் மாட்டினான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

முனியாண்டி வளைவில் வேன் இரண்டாம் கியரில் ஏறியது. மேட்டின் நடுவில் மூன்றாம் கியர் போட்டுப் பார்த்தான், அதிலும் ஏறியது. திணறல் இல்லை, புகை இல்லை. இடது சீட்டிலிருந்து மூச்சுச் சத்தமும் இல்லை. இத்தனை நாளும் அங்கே விசிலடித்தது, காற்று கிடைக்காமல் தவித்த அவனுடைய வண்டிதான். கருப்பம்மா அன்றைக்கே சொன்னாள். இழுப்புக்காரிக்குத் தெரிந்திருந்தது, வண்டிக்காரனுக்குத் தெரியவில்லை. பேயே இருந்திருக்கலாம் என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

திரும்பி வந்து, பழைய பில்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு விஜயலெட்சுமியின் லயத்து வீட்டுக் காம்பராவுக்குப் போனான். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையைத் திறந்து காட்டினான். சொல்ல வேண்டியதை முழுங்காமல் சொன்னான். எலி கதையைச் சொல்லவில்லை.

அவள் பில்டரை வாங்கி வாசற்படியில் ஒரு தட்டுத் தட்டினாள். செம்மண் கொட்டியது.

"இத மாத்தியிருந்தா ஏறியிருக்குமாண்ணே?"

"ஏறியிருக்கும்."

"மாத்த எவ்வளவு நேரம் புடிச்சிச்சு?"

"அதுக்கு மட்டும்னா பத்து நிமிசம்."

அவள் சுளகைச் சுவரில் சாத்தினாள், கையைத் துடைத்தாள், செருப்பைப் போட்டாள். ஏசுவாள் என்றுதான் அவன் காத்திருந்தான். அவள் நேரே போய் வேனின் இடது கதவைத் திறந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க. பதுளைக்குப் போங்க."

"இப்பயா?"

"அன்னிக்குப் போன மாதிரியே போங்க."

அவன் எடுத்தான். போனில் நேரம் பார்த்துவிட்டு அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். முனியாண்டி வளைவு வந்ததும் ஜன்னல் விளிம்பைப் பிடித்தாள். வேன் ஏறியது. அவன் சக்கரத்துக்கு வைத்த கல் இன்னும் ஓரத்தில் கிடந்தது, அதையும் கடந்து ஏறியது. அவள் தலையைத் திருப்பி அந்தக் கல்லைப் பார்த்தாள். பசறையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள், முன்சீட்டில் ஒருத்தியைப் பார்த்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். துஷாந்துக்கு அவள் அழுதால் போதும் என்றிருந்தது, அவள் அழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தினான். அவள் போனைப் பார்த்தாள்.

"ஒரு மணிநேரம் பத்து நிமிசம்" என்றாள். "அன்னிக்கு ரெண்டு மணிநேரம் இருபது நிமிசம்."

துஷாந்த் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தங்கச்சி, என்னய மன்னிச்சிரு" என்றான்.

அவள் இறங்கினாள். அடுத்தவர் வண்டிக் கதவைச் சாத்துகிற மாதிரி மெதுவாகச் சாத்தினாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வந்துக்கிறேன்."

பஸ் நிலையத்துப் பக்கம் அவள் நடந்துபோவதை, சனத்துக்குள் மறையும்வரை அவன் பார்த்தான். தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்த யாரும் அவன் வேன் சும்மா நிற்கும்போது பஸ்ஸில் திரும்பியதில்லை.

திங்கட்கிழமை பதினாலு பிள்ளைகளும் ஏறினார்கள். எலி கதை அதற்குள் ஊர் முழுக்கப் போயிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். பஸ்லியா டீச்சரின் சின்ன மகள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது துஷாந்த் இரண்டு பில்டரையும் நேரம் தவறாமல் தானே மாற்றுகிறான், யாருடைய வண்டியில் ஏறினாலும் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு வெறுப்பேற்றுகிறான். விஜயலெட்சுமி வழியில் பார்த்தால் தலையசைப்பாள். ஏறமாட்டாள்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும் நாட்களில், முனியாண்டி வளைவில் பேனை நிறுத்திவிட்டு, இடது பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே ஏறுகிறான். அந்த இழுப்பு ஒரு தடவையாவது கேட்காதா என்று இருக்கிறது. வண்டி சத்தமில்லாமல் ஏறிவிடுகிறது.