லோரிக்காரர் குடும்பத்துக்கு வீடு தேடி ஒரு ஞாயிறு: பிரிக்பீல்ட்ஸ், பூச்சோங், மறுபடி கிள்ளான்

அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். என் மகன் சேகரன், மருமகள் மலர், பேத்தி தாரணி, வீட்டு ஏஜண்ட் ரவி, அப்புறம் நான், லெட்சுமி. வராதவர் என் வீட்டுக்காரர். அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எங்கள் காலத்துப் பெண்களுக்கு அது பழக்கம். கிளினிக்கில் கேட்டால்கூட அவர் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன், படித்துக்கொள்ளட்டும் என்று.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நோட்டில் நான் எழுதியதைத் தாரணி இங்கே தட்டிப் போடுகிறாள். எழுத்துப் பிழையை நீ திருத்து, நடந்ததைத் திருத்தாதே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஏன் போனோம் என்று சொல்கிறேன். கிள்ளானில் நாங்கள் முப்பத்தொரு வருடமாக வாடகைக்கு இருக்கும் வீட்டை, வீட்டுச் சொந்தக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று திருப்பிக் கேட்டுவிட்டார். இரண்டு மாதத் தவணை கொடுத்தார். அதே சமயத்தில் சேகரனும் வாயைத் திறந்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாகப் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் ஏற்றி, தாய்லாந்து எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் வரைக்கும் ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். இனிமேல் தூர ஓட்டம் வேண்டாம், ஷா ஆலாமில் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டப்போகிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். மலர் அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

லோரி சாவியைக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னான். கெட்டில் வந்தது, சின்ன ரைஸ் குக்கர் வந்தது, இரண்டு கைலி வந்தது. தலையணை மட்டும் வரவில்லை. தூர ஓட்டம் ஓடுகிறவர்கள் வீட்டுத் தலையணையைத்தான் வண்டிக்குள் படுக்கையில் போட்டுக்கொள்வார்கள். வேலையை விட்டால் அது வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்தால்தான் விட்டதாகக் கணக்கு. நான் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அடுத்த வாரம் எடுத்து வருகிறேன் என்றான்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்ப வேண்டியது. சேகரன் காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறியபோது எட்டு பத்து. ஃபெடரல் நெடுஞ்சாலையில் டோல் கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் முப்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பத்தைந்து நிமிடம். வேலை நாளில் இதே பாதை ஒன்றரை மணி நேரம் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு ரோடு காலியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன ஏஜண்ட் ரவி ஒன்பது இருபத்தைந்துக்கு வந்தார். அதற்குள் தோசை சாப்பிட்டோம். நான்கு தோசை, நான்கு தே தாரேக் டீ, முப்பது வெள்ளி, ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தோசை ஆறிப்போய் இருந்தது. அந்தக் கடையின் பச்சைப் பெயர்ப் பலகையை நான் மறக்கவில்லை. கார் நிறுத்த ஆறு வெள்ளி.

முதல் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. படி ஐம்பத்து நான்கு, எண்ணிக்கொண்டே ஏறினேன். மூன்று அறை, மாத வாடகை ஆயிரத்து அறுநூறு. பின் ஜன்னலில் ரயில் தெரியும், சத்தமும் கேட்கும். மலர் வேலை செய்யும் பல் கிளினிக் அங்கிருந்து ஏழு நிமிட நடை. பன்னிரண்டு வருடமாக அவள் விடிவதற்கு முன்னால் எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, கிள்ளான் ஸ்டேஷனில் கோமுட்டர் ரயில் ஏறிப் போகிறாள். அவள் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். அடுப்பு வைக்கும் மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவள்.

சேகரன் வீட்டைப் பார்க்கவே இல்லை. ஜன்னலில் நின்று கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயரமான வண்டி அந்த முனையில் திரும்புமா என்று ரவியிடம் கேட்டான்.

“அண்ணே, லோரி இங்க வந்தா சம்மன்தான் லா,” என்றார் ரவி.

எனக்குப் புரியவில்லை. ரொட்டி வேன் என்ன அவ்வளவு உயரமா? தூரத்தில் நின்று கேட்டதால் நான்தான் தவறாக விளங்கிக்கொண்டேனோ என்று நினைத்தேன். முட்டி வேறு வலித்தது. ஐம்பத்து நான்கு படி இறங்கி முடிப்பதற்குள் அதை மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. தள்ளி வைத்தேன்.

அங்கிருந்து பூச்சோங் இருபது கிலோமீட்டர். பதினொன்று பத்துக்குக் கிளம்பி பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு டோல் உண்டு. தரை வீடு, வரிசையில் கடைசி வீடு. ஆயிரத்து எழுநூறு வெள்ளி. முன்னால் கார் நிறுத்தும் இடம், பக்கத்தில் ஒரு துண்டு மண். படியே இல்லை. அந்த மண்ணைப் பார்த்ததும் ஒரு கருவேப்பிலைக் கன்றாவது வைக்கலாம் என்று ஆசை வந்தது. மலருக்கு அங்கிருந்து வேலைக்குப் போக இரண்டு ரயில் மாற வேண்டும். அவள் கைப்பேசியில் நேரம் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். ஆனாலும் சமையலறை பெரிது என்றாள். சாயங்காலம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றாள். எல்லோரும் என்று அவள் சொன்ன விதம் எனக்குக் கேட்டது.

நாங்கள் உள்ளே இருக்கும்போது சேகரன் வெளியே போய்விட்டான். எட்டிப் பார்த்தால், தெரு முனையில் குதிகாலையும் கட்டைவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து ரோட்டை அளக்கிறான். டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் வீட்டுக்கு ஓட்டி வருகிறவர்கள்தான் அப்படி அளப்பார்கள். அவன் அப்பாவும் அளப்பார். பக்கத்து வீட்டில் வாசல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இங்கே பெரிய வண்டி நிறுத்தலாமா என்று விசாரித்தான். முனிசிபல்காரர்கள் வந்து கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள் என்று அவள் சொன்னாள். அவன் முகம் விழுந்துவிட்டது.

“வேனுக்கு எதுக்குங்க இவ்ளோ எடம்?” என்று மலர் கேட்டாள்.

“சும்மா பாக்கறேன் லா.”

மத்தியானச் சாப்பாடு பூச்சோங்கில் ஒரு வாழையிலைக் கடையில். ஐந்து பேருக்கு எழுபத்தெட்டு வெள்ளி. ரவி நன்றாகச் சாப்பிட்டார், கை பணப்பை பக்கம் போகவே இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

சாப்பிடும்போது எந்த வீடு என்று பேச்சு வந்தது. நான் பூச்சோங் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, மலருக்காகப் பிரிக்பீல்ட்ஸ் என்றேன். தாரணி சிரித்தாள். எனக்கே என் மனது பிடிபடவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரே இடத்தில் இருந்தவளுக்கு வீடு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எப்படித் தெரியும்? அந்த வீட்டையும் நானா தேர்ந்தெடுத்தேன்? அவர் பார்த்தார், எதிரே லோரி நிறுத்த வெட்டவெளி இருந்தது, முன்பணம் கொடுத்துவிட்டு வந்து சாமான் கட்டு என்றார்.

மூன்றாவது வீடு கிள்ளானில், துறைமுகம் போகும் பக்கம். பூச்சோங்கிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், இன்னொரு டோல், ஐம்பது நிமிடம். மூன்று இருபதுக்குப் போனோம். ஆயிரத்து நூறு வெள்ளி என்பதைத் தவிர அந்த வீட்டுக்கு ஒரு நல்லதும் இல்லை. கூரை ஒழுகிய கறை மூன்று அறையிலும் இருந்தது. பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஸ்டேஷனுக்குப் பஸ் கிடையாது. எதிரே மட்டும் பெரிய வெட்டவெளி, கம்பி வேலி போட்டு ஆறு லோரி நின்றன.

காரிலிருந்து இறங்கும்போதே சேகரன் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தான். காலையிலிருந்து அவன் முகத்தில் இல்லாத வெளிச்சம் அப்போது வந்தது. ஒழுகுவதை ஒரு நாளில் அடைத்துவிடலாம் என்றான். மலர் குளியலறைக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் நூலாக விழுந்தது.

ரவிதான் உடைத்தார். சேகரன் எங்களிடம் மறைத்திருப்பது அவருக்குத் தெரியாது, பாவம். வேலியைக் காட்டி, “அண்ணே, ஒங்க வண்டிய நெழல்லதானே போடச் சொன்னேன், வெயில்ல நிக்குதே?” என்றார். வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சேகரன் போன வாரமே பணம் கட்டிவிட்டதையும் அதே மூச்சில் சொன்னார்.

நாங்கள் மூன்று பெண்களும் திரும்பிப் பார்த்தோம். இரண்டாவதாக நின்றது அவன் வண்டி. நம்பரைப் பார்க்கத் தேவையே இல்லை. படுக்கை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்த தலையணை தெரிந்தது. உறை என் பழைய மஞ்சள் சேலையில் நான் தைத்தது. இன்னும் வண்டியில்தான் இருந்தது. அவன் ஒன்றையும் விடவில்லை.

சேகரன் தரையைப் பார்த்தான். ரொட்டிக் கம்பெனி சம்பளம் பாதிதான் என்றான். தாய்லாந்துக்குள் போகும் ஓட்டம் கிடைத்திருக்கிறது என்றான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

“ரெண்டு வருஷம் மட்டும்மா. அப்பறம் விட்டுருவேன்.”

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மலர்தான் பேசினாள். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. “நீங்க வீட்ல இருப்பீங்கன்னா ஒரு வீடு. இருக்க மாட்டீங்கன்னா வேற வீடு. எதுக்குப் பாக்கறோம்னே சொல்லாம காலையிலேருந்து என்னைய சுத்த விட்டீங்களே.”

அவள் ரவியிடம் திரும்பி, பிரிக்பீல்ட்ஸ் வீட்டை எடுத்துக்கொள்கிறேன், பத்திரத்தில் என் பெயர் போடுங்கள் என்றாள். சேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியை எங்கே போட்டுவிட்டு வருவது என்று கேட்டான்.

“இங்கயே போடுங்க. கோமுட்டர் ஏறி வாங்க. பன்னெண்டு வருஷமா நான் அதுலதான் போய் வரேன்.”

ரவி பேனாவைத் தேடுகிற மாதிரி காருக்குப் போய்விட்டார். தாரணி என் கையைப் பிடித்து எழுப்பினாள். நாலு மணி பத்து. மொத்தம் எண்பத்து மூன்று கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி நின்றோம்.

வரும் மாதக் கடைசியில் வீடு மாறுகிறோம். நானும் மலரோடு போகிறேன். என்னைக் கேட்டாள், வரேன் என்றேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. ஐம்பத்து நான்கு படியை ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறுவேன்? பாசார் சந்தையில் எனக்கென்று கீரை எடுத்து வைக்கிற பொம்பளை அங்கே யார்? பூச்சோங் மண்ணில் ஒரு கன்று வைத்திருக்கலாம். ஆனால் அங்கே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டோம் என்று தெரிந்த பிறகு அந்தப் பெரிய சமையலறை எதற்கு? இரவு படுத்தால் ஒரு வீட்டின் கதவை இன்னொரு வீட்டில் மாட்டி வைத்துக்கொண்டு விழித்திருக்கிறேன்.

லோரிக்காரர் குடும்பம் வீடு பார்க்கப் போவதாக இருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால்தான் ரோடு, குழாய்த் தண்ணீர், அக்கம்பக்கம் எல்லாம் உண்மையாக இருக்கும். படியை எண்ணிக்கொண்டு ஏறுங்கள், யாராவது வயதானவரைக் கூட்டிப்போய் ஏற விடுங்கள். பெரிய வண்டி நிறுத்தலாமா என்று ஏஜண்டைக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். இரண்டு வேளைச் சாப்பாடு, டோல், கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்து நூற்றிருபது வெள்ளி கையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டியிலிருந்து தலையணை வீட்டுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். வராவிட்டால் வீட்டில் இருக்கப்போகிறவர்களுக்கு மட்டும் வீடு பாருங்கள். அதைப் பார்க்காமல் கிளம்பியதுதான் நாங்கள் செய்த தவறு. மூன்று தடவை கேட்டும் நான் கிளம்பினேன்.

சேகரன் மேல் கோபம் இருக்கிறது. ஆறிவிடும். போன சனிக்கிழமை கோமுட்டர் அட்டை வாங்கி வந்து மேசை மேல் வைத்தான், மலர் எடுத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த இரண்டு வருடம் என்ற பேச்சு அவன் கண்டுபிடித்தது இல்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் கிள்ளான் வீட்டில் சாமான் இறக்கிய அன்று, ரெண்டு வருஷம்தான் லெட்சுமி, அப்புறம் லோரியை விட்டுவிடுவேன் என்று எனக்குச் சொன்னவர் வேறு. பதினைந்து வயதுச் சேகரன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டான். அவர் அதற்குப் பிறகு இருபது வருடம் ஓட்டினார். வாரா வாரம் நான் தலையணை உறையைத் துவைத்துக் கொடுத்தேன். நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் வண்டிக்குள் தூங்கினவர் எழுந்திருக்கவில்லை. கூட ஓடுகிறவர்கள்தான் தலையணையை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

மற்ற எல்லாவற்றிலும் எனக்குக் குழப்பம். இதில் இல்லை. அவரை மன்னிக்க மாட்டேன். அவர் பெயரை இதுவரை சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன். தாரணி, அப்படியே தட்டு.

முனியாண்டி.