கண்ணை மூட முடியாதவர்

தஞ்சாவூரில் நான் போன கராத்தே வகுப்பில், கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார வேண்டும். என் பக்கத்தில் உட்காருபவர், ஊரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அதிராம்பட்டினத்து மீனவர். நாற்பது வயதிருக்கும். வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள். உதைப்பதிலும் குத்துவதிலும் அவர் பலத்துக்கு ஈடாக அங்கே யாருமில்லை. தியானத்தில் மட்டும் கண்ணை மூடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

"மூடினா படகு கவுந்தது வருதும்மா. தம்பி என் கையைப் புடிச்சிருந்தான், வழுக்கிடுச்சு. ஆறு மாசமாத் தூக்கமில்ல. மாத்திரையும் கேக்கல. இங்க தியானம் சொல்லித் தர்றாங்கன்னாங்க, அதான் சேர்ந்தேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் கையைப் புடிச்சிக்கிறீங்களா? ஒரு தடவ மூடிப் பாக்குறேன்" என்றார்.

பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினார். மூச்சு இரைத்தது. என் விரல்கள் நொறுங்கும்படி இறுக்கியவர், திடீரென்று கையை உதறி, எனக்கு மட்டும் கேட்கும்படி முனகினார்.

"விடுடா! நானும் போயிடுவேன்டா, விடுடா!"

கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் காதுல விழலண்ணே" என்றேன்.

அவர் தலைகுனிந்துகொண்டார். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அந்த வார்த்தைகளை யாராவது ஒருவர் கேட்டுவிட மாட்டார்களா என்றுதான் அவர் கண்ணை மூடினாரோ என்று, பிறகு பலமுறை தோன்றியிருக்கிறது.