உப்புக் காலத்தில் வந்த ஆஃபர்

1. துக்க வீட்டு மழை

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தமிழ்ல மழை பெஞ்சா எழவு விழுந்த மாதிரி இருக்கு. ஏன்?"

போனில் இப்படிக் கேட்டவர் கௌரி. ஐதராபாத்தில் ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனியில் தமிழ்ப் பிரிவுக்கு மேனேஜர். என்னைவிட ரொம்ப இளையவர். அந்தக் கம்பெனியில் வேலை கேட்டிருந்தேன். அவர் ஒரு டெஸ்ட் பைல் அனுப்பினார், முடித்துக் கொடுத்தேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். லோக்கலைசேஷன் என்பார்கள். உங்கள் போன் உங்களிடம் தமிழில் பேசுகிறதே, "மீண்டும் முயலவும்", "சார்ஜ் குறைவாக உள்ளது" என்றெல்லாம், அவற்றை யாரோ ஓரிடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அப்படி ஒரு ஆள் நான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஸ்ட்ரிங் என்று பெயர். புதுச்சேரியில் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன், டி.டி.பி. செய்தேன், ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். எதிலும் கால் பாவவில்லை. கடைசியில் ஒரு ஏஜென்சி வழியாக வீட்டிலிருந்தே இந்த வேலை. வீடு மரக்காணத்தில். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். கணவர் ஏழுமலை அதில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்.

டெஸ்ட் பைலில் இருந்தது ஒரு வானிலை ஆப். மழை வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் நோட்டிஃபிகேஷன்கள். நான் எழுதியது இப்படி: "எச்சரிக்கை. மாலையில் மழை. வெளியில் உள்ளதை உடனே மூடவும்." இன்னொன்று: "மழை விடும்வரை பொறுத்திருங்கள்." மழை இல்லாத நாளுக்கு நான் எழுதியிருந்தது: "இன்று மழை இல்லை. நிம்மதி."

எழுதும்போது இதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. தை பிறந்து புரட்டாசி முடிகிறவரை எங்கள் பக்கத்தில் மழை என்றால் அதுதான். பாத்தியில் முற்றிக்கொண்டிருக்கும் உப்புத் தண்ணீர் நீர்த்துப் போகும். வாரிக் குவித்த உப்பு கண் முன்னால் கரையும். எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் மழை என்ற சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. "மேக்கால கறுக்குது" என்பார்கள். அவ்வளவு சொன்னால் போதும், தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடுவார்கள்.

கௌரியிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"நான் திருவாரூர் பக்கம் அக்கா. மழை வந்தா எங்கப்பா வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்குவாரு. உங்க மெசேஜ் அவருக்குப் போனா போனைத் தூக்கி வயல்ல வீசிடுவாரு. மாத்தி அனுப்புங்க."

2. வானூர் பஸ்

மாற்ற உட்கார்ந்தேன். வரவில்லை. இத்தனை வருஷம் சொற்களோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, மழையைப் பற்றிச் சந்தோஷமாக ஒரு வரி வரவில்லை.

உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த ஏழுமலையிடம், மழை வந்தால் சொல்கிற மாதிரி சந்தோஷமாக ஒரு வரி சொல்லுங்கள் என்றேன்.

"இன்னாத்துக்கு சந்தோஷம்?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தேடப் போய்விட்டார்.

முந்தின நாள் சாயங்காலம்தான் மேற்கே கறுத்து ஒரு மழை அடித்துவிட்டுப் போயிருந்தது. மறுநாள் காலை பஸ் ஏறி வானூர் போனேன். அது மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நெல்லும் விளைகிற பக்கம். கடைத்தெருவில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காதை மட்டும் வேலைக்கு விட்டேன். இந்தத் தொழிலில் அது ஒரு முறை. சொல் கிடைக்காவிட்டால் அகராதிக்குப் போகக் கூடாது, அந்தச் சொல் புழங்குகிற இடத்துக்குப் போக வேண்டும்.

பக்கத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நேத்து நல்ல ஒழவு மழடா. நெலம் நெஞ்சு வரைக்கும் நனஞ்சு போச்சு" என்றார் ஒருவர். மற்றவர் தன் டீக்கும் அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

நேற்று. அதே மேகம். இவர்கள் தலைக்கு மேல் பெய்துவிட்டுத்தான் எங்கள் குவியல் மேல் வந்து விழுந்தது. ஏழுமலை வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டது அந்த மழையில்தான். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இன்னொரு மழை இத்தனை வருஷமாகப் பெய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸிலேயே எழுதி, வீட்டுக்கு வந்து அனுப்பினேன். கௌரி மறுபடி கூப்பிட்டார். "இப்போ கல்யாண வீடு மாதிரி இருக்கு அக்கா. மேளம் கொஞ்சம் அதிகம்."

மூன்றாம் முறை எழுதியதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். "மாலை நான்கு மணிக்கு மேல் மழை வரலாம்." அவ்வளவுதான். திருவாரூர்க்காரர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும், மரக்காணத்துக்காரர் தார்ப்பாய் எடுக்கட்டும். டெஸ்ட் பாஸ்.

3. போ என்றார்

ஆஃபர் மெயில் வந்தது. வாழ்த்துகள் என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. ஐதராபாத்துக்குக் குடிமாற வேண்டும், வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு வர வேண்டும், முழுக்க வீட்டிலிருந்தே வேலை என்பது இந்தப் பதவிக்குக் கிடையாது. யோசிக்க ஒரு வாரம்.

எனக்குப் போக ஆசை. அதை மறைக்க மாட்டேன். ஏஜென்சி வேலையில் நான் எழுதுகிற வாக்கியம் எந்தத் திரையில், எந்தப் படத்துக்குக் கீழே போய் உட்காரும் என்று எனக்குக் காட்ட மாட்டார்கள். வெறும் கட்டங்கள் நிறைந்த பைல் வரும், நிரப்பி அனுப்பினால் போய்விடும். பார்க்காத வீட்டுக்குக் கதவு செய்கிற தச்சு வேலை. ஒரு தடவையாவது அந்த வீட்டுக்குள் போய் நிற்க வேண்டும் என்றிருந்தது.

ஆனால் ஏழுமலை வர முடியாது. உப்புக் காலத்தில் குத்தகைக்காரர் உப்பளத்தை விட்டு நகர்ந்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். மகள் சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். நானும் போனால் வீட்டில் அவர் ஒருவர். இந்த வயதில் எங்கள் குடும்பம் போனுக்குள் குடியேறிவிடுமோ என்று பயந்தேன்.

ஏழுமலையின் தங்கை செல்வி எங்கள் பாத்தியில்தான் உப்பு வாருகிறாள். சேதி கேட்டதும் வந்துவிட்டாள்.

"அண்ணி, அங்க போயி பாக்கெட் உப்பு வாங்கித் தின்னப் போறீங்களா? எங்கண்ணன் மானம் போவும்."

"நீ மூட்ட கட்டி அனுப்பேன்."

"கூரியர்காரன் வாங்கமாட்டான். வழியெல்லாம் ஒழுவும்."

சொந்தக்காரர்களில் சிலர் ஐயோ என்றார்கள். வேலைக்காக ஊர் மாறுவது ஆம்பளைகள் செய்கிற காரியம் என்றார் ஒரு பெரியவர். பிள்ளை பெறுகிற வயதும் தாண்டி, கோயில் குளம் போகிற வயதும் வராமல் இது என்ன என்று ஒரு அம்மாள் கேட்டார். சிரித்துவைத்தேன்.

ஏழுமலையிடம் சாப்பிடும்போது கேட்டேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"போ. இதுல இன்னா யோசன?"

"நான் இல்லாம இருந்துடுவீங்களா?"

"சோறு வடிக்கத் தெரியும்."

நான் கேட்டது சோற்றைப் பற்றி இல்லை. அவ்வளவு வேகமாகப் போ என்றது எனக்கு உறுத்தியது. அதற்கப்புறம் நாங்கள் மோட்டார் ரிப்பேர் பற்றியும் பால்காரர் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டோம்.

4. பால்கனி

சரி என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. கௌரிக்குப் புரிந்திருக்க வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் ஒரு முறை வந்து ஆபீசைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். ஆனி மாதம். சென்னை போய் ரயில் ஏறினேன்.

ஆபீசில் ஒரு பையன், இன்ஜினியர், தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்திக் காட்டினான். திரையில் ஒரு மேகம் வந்தது. அதன் கீழே என் வாக்கியம், தமிழில், தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தலாமா என்று கேட்டேன். நகர்த்தினான். அவ்வளவுதான் நடந்தது. வாழ்க்கையில் நான் கேட்டு ஒரு சொல் நகர்ந்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்கு மேல் ஜன்னல் இருண்டது. யாரோ மழை என்றார்கள். ஒவ்வொருவராக எழுந்து, டீக் கோப்பையோடு பால்கனிக்குப் போனார்கள். கௌரி என்னையும் வாங்க என்றார். நான் போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினேன்.

"மூடிட்டீங்களா?"

"எத?" என்றார் ஏழுமலை.

"குவியலத்தான். கறுத்துக்கினு வருது பாருங்க."

"நீ எங்க இருக்கற?"

"ஐதராபாத்துல."

அவர் யாரிடமோ சத்தமாகச் சொல்வது கேட்டது. "ஏ செல்வி, உங்கண்ணி ஐதராபாத்துல மழ வருதுன்னு மரக்காணத்துல மூடச் சொல்றா."

உப்புக் காலத்தில் அவர் வாயால் மழை என்று நான் கேட்டது அன்றைக்குத்தான். தூரத்திலிருந்து செல்வியின் குரல் வந்தது. "தார்ப்பாய அங்க அனுப்பணுமான்னு கேளுண்ணா."

சிரித்து முடித்துவிட்டு ஏழுமலை குரலைத் தாழ்த்தினார். "இங்க சுள்ளுனு வெயில் காயுது. அங்க பேஞ்சா நமக்கு நஷ்டமில்ல. போயி நில்லு."

போய் நின்றேன். தகரக் கூரைகள் மேல் பெய்தது, தெருவில் நின்ற ஆட்டோக்கள் மேல் பெய்தது, பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பூமரத்தின் மேல் பெய்தது. கீழே எங்களுடையது என்று ஒரு பிடி உப்பும் இல்லை. இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் பெய்கிற மழைக்கு என்ன சத்தம் என்று அன்றைக்குக் கேட்டேன். வேட்டி உதறுகிற மாதிரி ஒரு சத்தம்.

5. எந்த மாதம்

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை அவரோடு பாத்திக்குப் போனேன். வரப்பில் குந்தி பீடி பற்றவைத்தவர், பற்றவைத்ததை மறந்துவிட்டுப் பேசினார்.

"ஐப்பசிலேர்ந்து பொங்க வரைக்கும் நான் இங்க இன்னா பண்றேன், சொல்லு."

"வரப்பு ஒடையாம பாத்துக்கினு இருக்கீங்க."

"நான் பாத்தா மழ நிக்குதா? தண்ணி நிக்கிற பாத்தியப் பாத்துக்கினு குந்தியிருக்கறேன். அத செல்வி ஊட்டுக்காரரு பாத்துப்பாரு. அந்த மாசமெல்லாம் நான் அங்க வர்றேன். உப்பு ஓடற மாசத்துல நீ வந்து போ."

"இத அன்னிக்கே சொல்றதுக்கின்னா? அவ்ளோ சீக்கிரமா போன்னீங்க."

அவர் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேட் பண்ணா நானே வேணாம்னு சொல்லிடுவேன்னு பயந்துட்டேன்."

அந்த வரியை நான் எந்த பைலிலும் எழுத முடியாது.

அதற்குப் பிறகு ஹெச்.ஆரில் இருந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். வரவேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. எந்த மாதம் என்று கேட்டேன். வருஷத்தில் சில வாரங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு சலுகை உண்டு. பலரும் அதை ஒரு வாரம், இரண்டு வாரமாக உடைத்து எடுப்பார்கள். நான் மொத்தமாக, உப்பு நன்றாக விளைகிற சித்திரையில் கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லையே மேடம் என்றார் அந்தப் பெண். எங்கள் ஊரில் வருஷம் இரண்டாகப் பிரியும், உப்பு பாதி, தண்ணீர் பாதி என்று விளக்கினேன். கௌரியும் ஒரு வார்த்தை சொன்னார். கிடைத்தது. அதை மெயிலில் வாங்கிக்கொண்ட பிறகே சரி என்று பதில் போட்டேன். வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்: சேருவதற்கு முன் கேட்டால் அது பேச்சுவார்த்தை. சேர்ந்த பிறகு கேட்டால் கெஞ்சல்.

6. வாழ்த்துகளை எடுத்துவிட்டு

இது இரண்டாவது வருஷம். எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். ஆவணியில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற ராத்திரிகள் நீளம். ஐதராபாத்தில் கிடைக்கிற ஏரி மீனை ஏழுமலை மீன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கால் பாவாத எனக்கு வருஷத்தில் இரண்டு ஊர் என்பது பொருந்திவிட்டது. ஒன்றில் சலிக்கத் தொடங்கும்போது மற்றது வந்துவிடுகிறது.

ஆபீசில் இளையவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். வேறொரு கம்பெனி கூப்பிடுகிறது, வேறு ஊர், போகலாமா அக்கா என்று. என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அவர்களுக்குச் சொல்வேன். மெயிலின் முதல் சொல் வாழ்த்துகள் என்று இருக்கும். அதை அடித்துவிடு. உன் சொந்தக்காரர்கள் ஐயோ என்பார்கள். அதையும் அடித்துவிடு. மேளமும் ஒப்பாரியும் போன பிறகு மிஞ்சுவது ஒரு சாதாரண வாக்கியம்: இந்த ஊர், இந்த வேலை, இந்த மாதங்களில் இன்னார் கூட இருப்பார், இன்னார் இருக்க மாட்டார். அந்த வாக்கியத்தை வீட்டில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டு. அவர் சொல்கிற பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தால், இன்னொரு தடவை கேள்.

போன ஐப்பசியில், ஐதராபாத் வீட்டில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரண்டு டீ போட்டுக்கொண்டு அறைக்குள் வந்தேன். வெளியே நல்ல மழை, ஜன்னல் திறந்தே இருந்தது, சாரல் தரை வரைக்கும் வந்திருந்தது. ஏழுமலை ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, மழை பெய்யும்போது இந்த மனிதர் தூங்கி நான் பார்த்ததில்லை.

எழுப்பவில்லை. டீ ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.